கிடங்கு வரை அரசு. காலனி வரை யார்?

“மாத்திரை இல்லை” என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. “இன்னும் வரலை” என்றுதான் சொல்வார்கள். இரண்டும் ஒன்றல்ல. இல்லை என்று சொன்னால் யாராவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். எப்போது தீர்ந்தது, ஏன் தீர்ந்தது, யார் முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்க வேண்டும் என்று அடுத்தடுத்துக் கேள்வி வரும். வரலை என்று சொல்லிவிட்டால் யாருக்கும் பொறுப்பில்லை. மழை வரலை, பஸ் வரலை, அதுபோல மாத்திரையும் வரலை. கேட்டவர் எழுந்து போய்விட வேண்டியதுதான்.

கிருஷ்ணன்கோவில் விலக்கிலிருந்து மேற்கே வத்திராயிருப்பு போகும் வழியிலும், தெற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி ராஜபாளையம் வரையிலும் உள்ள சேரிகளிலும் காலனிகளிலும் நாங்கள் வேலை செய்கிறோம். சுகருக்கும் பிரஷருக்கும் அரசு மாத்திரையை நம்பியிருக்கும் கூலி மக்களிடம் இந்த “வரலை”யைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். எல்லா மாதமும் அல்ல, எல்லா ஊரிலும் அல்ல. ஆனால் எந்த மாதம் தவறினாலும், முதலில் தவறுவது காலனிக்குத்தான். இந்த ஒழுங்கைத்தான் இந்தக் கட்டுரையில் கேள்வி கேட்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டின் அரசு மருந்து வழங்கலை மட்டம் தட்டுவது எங்கள் நோக்கம் அல்ல. அதை அதிகம் நம்பியிருப்பவர்கள் எங்கள் மக்கள்தான். மெடிக்கல் ஷாப்பில் மாதாமாதம் காசு கொடுத்து வாங்க முடிந்தவர்கள் அதைக் கேலி செய்யலாம். நாங்கள் செய்ய மாட்டோம்.

1990களின் தொடக்கத்தில் அரசு மருத்துவமனை மருந்துக் கொள்முதலில் முறைகேடு நாறியது. அதன்பிறகு 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவு செய்யப்பட்டது; 1995 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர், மாவட்டக் கிடங்குகள், ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பித் தேறிய பிறகே வினியோகம், எந்தக் கிடங்கில் எது எவ்வளவு இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் கணக்கு. இவற்றையெல்லாம் மற்ற மாநிலங்கள் யோசிக்காத காலத்தில் தமிழ்நாடு செய்தது. கேரளாவும் ராஜஸ்தானும் பின்னால் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. “விற்பனைக்கு அல்ல” என்று அச்சிட்ட அட்டை நம் மக்களின் கையில் இருப்பது சாதாரண விஷயம் இல்லை.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி ஒரு சின்னப் புத்தகம்: பாஸ்புக். ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. இந்த ஆண்டு இத்தனை ரூபாய்க்கு மருந்து எடுக்க உனக்கு உரிமை என்று அதில் இருக்கும். கிடங்குக்குப் போனால் அந்த உரிமையின் பேரில் மருந்து எடுக்கலாம், எடுத்தது பதிவாகும், மீதி தெரியும். கெஞ்ச வேண்டாம், யாருடைய தயவும் வேண்டாம். நமக்கு எங்கேயும் கிடைக்காத ஒன்று இது. தயவு வேறு, கணக்கு வேறு. கணக்கு இருக்கும் இடத்தில் “வரலை” என்ற சொல்லுக்கு வேலை இல்லை.

ஆனால் அந்தப் பாஸ்புக் யார் பேரில் இருக்கிறது? நிலையத்தின் பேரில். நிலையத்தின் வாசலைத் தாண்டி மருந்து வெளியே வந்ததும் அந்தக் கணக்கின் பலம் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் துணை சுகாதார நிலையம், கிராம சுகாதார செவிலியர், அவருக்கும் அடுத்து, சங்கிலியின் கடைசிக் கண்ணியாக, ஒரு பெண். அவர் பேரில் எந்தப் பாஸ்புக்கும் கிடையாது.

அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுவோம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் மு.க. ஸ்டாலின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கி வைத்தார். வீட்டுக்கே போய் பிரஷர் பார்ப்பது, சுகர் பார்ப்பது, மாத்திரை கொடுப்பது, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சை, பிசியோதெரபி. 2022 டிசம்பரில் ஒரு கோடியாவது பயனாளிக்குத் திருச்சி மாவட்டத்தில் மருந்துப் பெட்டகம் கொடுத்தார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் வந்தது. நல்ல திட்டம். தேவையான திட்டம். 2020இல் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு ஒன்று, வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்றது. அவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. நூறு பேரில் 92 பேர் பக்கவாதத்தையும் மாரடைப்பையும் தலைமேல் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மக்களைத் தேடிப் போகத்தான் வேண்டியிருந்தது.

தேடிப் போனது யார்? மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட பெண்கள். அவர்களுக்கு வைத்த பெயர் ‘மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்’. ஊழியர் இல்லை, தன்னார்வலர். சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. தொடக்கத்தில் அது மாதம் 4,500 ரூபாய். மாதம் 26 நாள் என்று வைத்தால் நாளொன்றுக்கு 173 ரூபாய். அதே 2021-22இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி 273. கண்மாய்க் கரையில் மண் அள்ளுவதற்கு இருந்த விலைகூட, ஒரு ஊரின் ரத்த அழுத்தத்தைக் கணக்கு வைப்பதற்கு இல்லை. பின்னால் கொஞ்சம் கூட்டினார்கள். பெயரை மாற்றவில்லை.

“அது பகுதி நேர வேலைதானே?” என்பார்கள். இந்தப் பெண்களோடு ஒரு நாள் நடந்து பார்க்கட்டும். விடிந்ததும் காட்டு வேலைக்கும் தோப்பு வேலைக்கும் மில் ஷிஃப்டுக்கும் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். காலனியில் பிரஷர் பார்க்க வேண்டுமானால் ஆறு மணிக்கு முன்னால் போக வேண்டும், இல்லையென்றால் இருட்டிய பிறகு போக வேண்டும். நடுவில் நிலையத்துக்குப் போய் மாத்திரை வாங்கி வர வேண்டும், செல்போனில் பதிவேற்ற வேண்டும், கூட்டத்துக்குப் போக வேண்டும். எங்களிடம் பேசிய பெண்கள் பலரும் ஒன்றையே சொன்னார்கள்: மாத்திரை எடுக்கப் போகிற பஸ், ஷேர் ஆட்டோ செலவு அவர்கள் கையிலிருந்துதான் போகிறது. பிரஷர் மெஷினுக்குப் பேட்டரி தீர்ந்தால் அதுவும் சில இடங்களில் அவர்கள் கைக்காசு. சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் குறைந்துவிட்டால் யாருக்குப் பார்ப்பது, யாரை அடுத்த மாதம் என்று சொல்வது என்று அவர்களே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஒரு பெண் சொன்னது எங்களுக்கு மறக்கவில்லை: “குடுக்க மாத்திரை இல்லாம வெறுங்கையோட தெருவுக்குள்ள போக எனக்கே கூச்சமா இருக்கு. அதான் அந்த மாசம் போகல.” அந்த மாதத்தில் அந்தத் தெருவில் யாருக்கும் பிரஷர் பார்க்கப்படவில்லை. அந்தப் பெண்ணைச் சோம்பேறி என்று ஒரு அதிகாரி சொல்லக்கூடும். அவரை வெறுங்கையோடு அனுப்பிய ஏற்பாட்டுக்கு யார் பெயர் வைப்பது?

நாங்கள் வைக்கிறோம். அதன் பெயர் வெட்டி.

வெட்டி என்ற சொல் இன்றைக்கு வீண் என்ற பொருளில் புழங்குகிறது. கல்வெட்டுக் காலத்திலிருந்தே அதற்குக் கூலியில்லாத கட்டாய உழைப்பு என்று பொருள் உண்டு. ஊருக்காக ஓடுவது, சுமப்பது, இழவு சொல்லப் போவது, பிணத்தை எரிப்பது, எல்லாம் ‘ஊர் வேலை’. ஊர் வேலைக்குக் கூலி கேட்கக் கூடாது. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டில் யாரைச் சுமக்க வைத்தார்கள் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சாதி வேலைகளைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிற மனிதர்களையே மேல்கீழாக அடுக்கிவிடுகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் விளக்கினார். மருந்து வழங்கலை அந்தக் கண்ணோடு பாருங்கள். டெண்டர் போடுகிறவருக்குச் சம்பளம் உண்டு. கிடங்கில் கணக்கு வைப்பவருக்குச் சம்பளம் உண்டு. லாரிக்கு வாடகை உண்டு. கடைசியில் கையில் தூக்கிக்கொண்டு குடிசை குடிசையாகப் போகிறவருக்கு மட்டும் ‘சேவை மனப்பான்மை’ வேண்டும்! சுமக்கும் வேலை கீழே வர வர அதற்குக் கூலி மறைந்து புகழ்ச்சி வருகிறது. துப்புரவுப் பணியாளர்களுக்குக் கொரோனா காலத்தில் பூத்தூவியதை நாம் மறக்கவில்லை. 2022இல் ஆஷா பணியாளர்களுக்கு உலக சுகாதார அமைப்பு விருது கொடுத்தது; 2025இல் கேரளத்து ஆஷாக்கள் மதிப்பூதியத்துக்காகத் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். கட்சி மாறினாலும் மாநிலம் மாறினாலும் இது மாறுவதில்லை.

இனி, கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு வருவோம். எங்கள் பகுதியில் பஸ் நிற்பது ஊரில். காலனி அதற்கப்பால். பள்ளிக்கூடம், பால் சொசைட்டி, நாடக மேடை, ஊராட்சி அலுவலகம் பெரும்பாலும் ஊர்ப்பக்கம். மாத்திரை ஏதாவது ஒரு பொது இடத்தில் வைத்துக் கொடுக்கப்படும்போது அந்தப் பொது இடம் யாருடைய தெருவில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நாங்கள் போன ஓர் ஊரில் ஆதிக்கச் சாதித் தெருவில் ஒரு கோயில் மண்டபத்தில் வைத்து பிரஷர் பார்த்தார்கள். காலனியிலிருந்து போன கிழவிகள் படியின் கீழே நின்றார்கள். மண்டபத்துக்குள் வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அவர்களுக்குத் தெரியும். கடைசியாகக் கூப்பிடும்போது ஸ்ட்ரிப் தீர்ந்திருந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. தன்னார்வலர் நம் பெண்ணாக இருந்தால் என்ன நடக்கிறது? மாத்திரை அட்டையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகச் சொல்லலாம். ரேஷன் பையை வாசலில் வைப்பது போல வைத்துவிட்டு வரலாம். ஆனால் பிரஷர் மெஷின் தொடாமல் வேலை செய்யாது. கையைப் பிடித்து, பட்டையைச் சுற்றி, பக்கத்தில் உட்கார வேண்டும். “நாங்க ஜி.எச்.ல பாத்துக்கிறோம், நீ எழுதிக்கிட்டுப் போ” என்று சொல்கிற வீடுகளை எங்கள் பெண்கள் பார்த்திருக்கிறார்கள். அளவே எடுக்காமல் எண் எழுதச் சொல்கிற வீடுகள். தீண்டாமை நோயாளியையும் விட்டுவைப்பதில்லை. நோயாளி எந்தச் சாதியாக இருந்தாலும்.

“இதெல்லாம் வடநாட்டுக் கதை” என்று ஒரு பதில் தயாராக இருக்கும். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்திய ஆய்வு 2006இல் நூலாக வந்தது. மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொது சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் போக மறுத்தார்கள் என்று அது பதிவு செய்தது. சங்கமித்ர ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தானில் தலித் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2010இல் வந்தது. மருந்து கொடுக்கிற கட்டத்தில்தான் பாகுபாடு மிகக் கூடுதலாக வெளிப்படுகிறது என்றது. கை படாமல் மேலிருந்து மாத்திரையைப் போடுவது எப்படி என்று நம் பாட்டிகளுக்கும் தெரியும், ஆய்வு தேவையில்லை.

வடநாட்டுக் கதை என்கிறவர்களுக்கு நம் மாவட்டத்துக் கதை ஒன்றை நினைவூட்டுகிறோம். 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் விருதுநகர் மாவட்டத்துக்கு ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகம் அறிவிக்கப்பட்டது. ஒரு தலித் வீரரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. ஒரு பஸ்ஸின் நெற்றியில் இருந்த பெயரைப் பொறுக்க முடியாத மண் இது. இங்கே மாத்திரை யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை என்று சத்தியம் செய்ய யார் தயார்? புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குழந்தைகளுக்கு நோய் வந்த பிறகுதான் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிந்தது. எங்கள் தொட்டி தனி, எங்கள் சுடுகாடு தனி. மருந்து மட்டும் எப்படிச் சமமாக வந்து சேரும்?

எங்கள் கோபத்தைக் கூட்டுவது இன்னொன்று. இந்த மண்ணில் சரக்கு போய்ச் சேராத ஊரே கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதற்கான பால் ஒரு நாளும் தவறுவதில்லை. ஏன்? கறக்கிறவர், அளக்கிறவர், ஏற்றுகிறவர் எல்லோருக்கும் காசும் கணக்கும் நேரமும் உண்டு. பாலை ‘சேவை மனப்பான்மை’யோடு யாரும் சுமப்பதில்லை. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் விசைத்தறி ஓடும் சத்தம் பகலிலும் இரவிலும் கேட்கும். அங்கே நெய்வது பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி அங்கிருந்து நாட்டின் பல மூலைகளுக்கும் கடல் தாண்டியும் போகிறது. அதே வட்டாரத்துக் காலனிகளில், வரப்பில் வெறுங்காலோடு நடந்து சுகர் புண் வந்தவர்கள் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டியிருப்பதை நாங்கள் பார்க்கிறோம். காசு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் சங்கிலி நீள்கிறது. காலனியில் இழுக்க ஆளில்லை.

அரசால் முடியாது என்றும் சொல்ல முடியாது. தடுப்பூசியைப் பாருங்கள். அதற்குக் குளிர்பெட்டி, ஐஸ் பேக், குறித்த கிழமை. நிலையத்திலிருந்து ஊசி போடும் இடத்துக்கு அதைக் கொண்டுசேர்க்கிறவருக்கு முறைக்கு இவ்வளவு என்று தொகை கொடுக்கத் தேசிய சுகாதார இயக்கத்திலேயே வழி இருக்கிறது. இப்படிக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று வாங்கியது. சேரிக் குழந்தைக்குச் சொட்டு மருந்து போகவில்லை என்றால் ஊர்க் குழந்தைக்கும் போலியோ வரும். அதனால் போனது. சேரிக் கிழவியின் பிரஷர் ஊர்க்காரரைத் தொற்றாது. அதனால் “வரலை”.

கசப்பான பேச்சுதான். ஆனால் பத்து நாள் அம்லோடிபின் இல்லாமல் இருப்பது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். பிரஷர் மாத்திரை காய்ச்சல் மாத்திரை போல அல்ல. நிறுத்தினால் உடனே ஒன்றும் தெரியாது. தலை சுற்றாது, வலிக்காது. அதனால்தான் ஆபத்து. ஒருநாள் களை எடுத்துக்கொண்டிருக்கும்போது வாய் கோணிக்கொள்ளும், ஒரு பக்கம் கை விழுந்துவிடும். அந்த வீட்டில் இரண்டு கூலி போய்விடும்: விழுந்தவருடையது ஒன்று, அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டிலிருக்கும் மகளுடையது இன்னொன்று. அந்த மகளின் படிப்பு நின்றுபோன வீடுகள் உண்டு. இவையெல்லாம் எந்த ரெஜிஸ்டரிலும் மருந்து தட்டுப்பாடு என்று ஏறாது. ‘பக்கவாதம்’ என்று ஏறும்.

“முதல்வர் மருந்தகம் இருக்கிறதே, குறைந்த விலைக்கு வாங்கலாமே” என்று சிலர் எங்களுக்கு வழி சொல்கிறார்கள். 2025 பிப்ரவரியில் திறந்த அந்தக் கடைகள் வாங்க முடிந்தவர்களுக்கு உதவட்டும். இலவசமாகக் கிடைக்க வேண்டிய உரிமையைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள் என்பது பதில் ஆகாது. கூலிக்காரர் அந்த மருந்தகத்துக்குப் போக பஸ்ஸுக்கும் ஒரு நாள் கூலிக்கும் செலவழிக்க வேண்டும். அந்த விலை எந்த அட்டையிலும் அச்சாகவில்லை.

“நல்ல திட்டத்தைக் குறை சொன்னால் எதிரிகளுக்குத்தான் லாபம்” என்பது அடுத்த பதில். இதை முற்போக்கு நண்பர்களிடமிருந்தே கேட்கிறோம். பாராட்டுக் கூட்டத்தில் நாற்காலி போடவும் குறை சொல்லும் நேரத்தில் வாய் மூடவும் நாம்தான் கிடைத்தோமா? பள்ளிக்கூட மதிய உணவும் ரேஷனும் தமிழ்நாட்டின் பெருமைதான். காலனிப் பெண் சமைத்தால் பிள்ளைகளைச் சாப்பிட விடாத ஊர்களும் தமிழ்நாட்டில்தான் இருந்தன. பெருமையைச் சொல்லிக் கேள்வியை மூடினால் பெருமைதான் அழுகும்.

வேறு விதமாகச் செய்து காட்டியவர்கள் உண்டு. மகாராஷ்டிராவில் அகமதுநகர் மாவட்டம் ஜாம்கேடில் 1970இல் ரஜனிகாந்த் ஆரோளே, மேபெல் ஆரோளே என்ற மருத்துவத் தம்பதி வேலையைத் தொடங்கினார்கள். ஊர் சுகாதாரப் பணியாளர்களாக அவர்கள் பயிற்றுவித்த பெண்களில் எழுதப் படிக்கத் தெரியாத தலித் பெண்கள் பலர். அவர்கள் தவறாமல் மையத்துக்கு வந்து கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அதைவிட முக்கியமான ஒன்று: வறட்சிக் காலத்தில் ஆழ்துளைக் கிணறு போடும்போது அதைத் தலித் குடியிருப்பில் அமையும்படி பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் வேண்டும் என்றால் எல்லோரும் அங்கே வர வேண்டும். சாதி ஒழிப்பைப் பற்றி ஒரு சொற்பொழிவும் இல்லை. குழாயை எங்கே வைப்பது என்ற ஒரு முடிவு. ஐம்பது ஆண்டுக்கு முன்னால் குழாய்க்கு முடிந்தது, இன்றைக்கு மாத்திரைக்கு முடியாதா?

சட்டமும் நம் பக்கம்தான், ஓர் இடம் வரை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் தீண்டாமையின் பேரில் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதைக் குற்றம் என்றது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், மருத்துவமனைக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளும் நுழையவிடாமல் தடுப்பதைக் குற்றப் பட்டியலில் சேர்த்தது. இரண்டும் வாசலைப் பற்றிப் பேசுகின்றன. இப்போது மருந்து வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்டது, ‘தேடி’ வருகிறது. தேடி வருகிற மருந்து எங்கள் தெருவுக்கு மட்டும் வழி தெரியாமல் நின்றால் அது எந்தப் பிரிவில் வரும்? நம்மை யாரும் தடுக்கவில்லை. நம்மிடம் வரவில்லை, அவ்வளவுதான். இந்த நூற்றாண்டுத் தீண்டாமை இப்படித்தான் கை சுத்தமாக நடக்கிறது.

ஆகவே நாங்கள் கேட்பது இவை.

ஒன்று: பாஸ்புக் கடைசிக் கை வரை வரட்டும். ஒவ்வொரு தன்னார்வலரிடமும் எத்தனை பேருக்கு எந்த மாத்திரை என்ற பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலின்படி மாதத்துக்கு இவ்வளவு அம்லோடிபின், இவ்வளவு மெட்ஃபார்மின், இவ்வளவு ஸ்ட்ரிப், இவ்வளவு பஞ்சும் கட்டுத்துணியும் என்று அவர் பேரில் உரிமை எழுதப்பட வேண்டும். அதற்கு மேல் ஒரு மாதக் கையிருப்பு. கொடுக்க முடியாத மாதத்தில் ‘இல்லை’ என்று காரணத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

இரண்டு: மாத்திரையைத் தேடி அவர் போகக் கூடாது, அவரைத் தேடி மாத்திரை வர வேண்டும். தடுப்பூசிக்கு இருப்பது போலக் குறித்த கிழமை, வண்டி, கொண்டுசேர்ப்பவருக்குக் கூலி.

மூன்று: வழங்கும் இடம் காலனியில் இருக்க வேண்டும். ஊர்க்காரர்களும் அங்கே வந்து வாங்கட்டும். காலனியில் சமுதாயக் கூடம் இருக்கிறது, அங்கன்வாடி இருக்கிறது. இல்லாத ஊரில் வேப்பமரம் இருக்கிறது. கோயில் மண்டபமும் தனியார் திண்ணையும் வேண்டாம்.

நான்கு: கணக்கைக் குடியிருப்பு வாரியாக வெளியிட வேண்டும். மாநிலத்தில் இத்தனை கோடிப் பேர் என்பது விளம்பரத்துக்கு உதவும். எந்த ஊராட்சியில், எந்தக் காலனியில், எந்த மாதம் எத்தனை பேருக்கு மாத்திரை போகவில்லை என்பதே எங்களுக்கு வேண்டும். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள், கிராம சபையில் வாசியுங்கள்.

ஐந்து: தன்னார்வலர் என்ற பெயரை எடுத்துவிட்டு ஊழியர் என்று எழுதுங்கள். குறைந்தபட்ச ஊதியம், பயணப்படி, பி.எஃப். வெட்டி வேலையை ஒழித்துவிட்டோம் என்று சொல்கிற அரசு புதிதாக ஒரு வெட்டியை உண்டாக்கக் கூடாது.

இதற்கெல்லாம் காசு இல்லை என்று சொல்லாதீர்கள். அம்லோடிபினும் மெட்ஃபார்மினும் மிக மலிவான மருந்துகள். ஊருக்கு ஒரு மாதக் கையிருப்பு வைப்பதால் கஜானா காலியாகாது. விருதுநகர் 2018இலிருந்து ஒன்றிய அரசின் ‘முன்னேற விழையும் மாவட்டம்’. 2022 ஜனவரியிலிருந்து இங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. கட்டடத்துக்குக் காசு வந்த வழியில் கட்டுத்துணிக்கும் வரும். ராஜபாளையம் பல தேர்தல்களுக்குத் தனித்தொகுதியாக இருந்தது. 2011 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதி. நம் ஓட்டைக் கேட்டு வந்தவர்களுக்கு நம் தெருவுக்கு வழி தெரிந்திருந்தது. அந்த வழியை மாத்திரைக்கும் காட்டச் சொல்லுவோம்.

தோழர்களே, நீங்கள் செய்ய வேண்டிய வேலையும் ஒன்று உண்டு. அடுத்த கிராம சபை உங்கள் ஊரில் நடக்கும்போது போங்கள். தன்னார்வலராக வேலை செய்யும் நம் பெண்களைத் தனியாக நிற்க விடாதீர்கள். பதில் சொல்ல வேண்டியவர் அவர் அல்ல. எழுந்து இதை மட்டும் கேளுங்கள்: போன மூன்று மாதத்தில் நம் காலனியில் எத்தனை பேருக்கு, எந்த மாத்திரை, எத்தனை நாள் இல்லை? “வரலை” என்று பதில் வந்தால் உட்காராதீர்கள். அந்தச் சொல்லைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியவர் கையெழுத்துப் போடட்டும். அந்தப் பக்கத்தின் நகலை எங்களுக்கு அனுப்புங்கள். ஊர் ஊராக அந்த நகல்களை அடுக்கி மாவட்ட ஆட்சியரின் மேசையில் வைப்பது எங்கள் பொறுப்பு.